நம் சபை வழக்கம் வேதத்தில் இருக்கிறதா? நீங்களே உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் ஒரு பெண்ணிடம் "தோட்டைக் கழற்றிவிட்டு வாம்மா" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் வசனம் இருக்கிறது என்கிறார்கள். எந்த வசனம் என்று கேட்டால் 1 தீமோத்தேயு 2:9. சரி, திறந்து பார்ப்போம்: "மயிரைப் பின்னுதலினாலாவது, பொன்னினாலாவது, முத்துகளினாலாவது, விலையேறப்பெற்ற வஸ்திரத்தினாலாவது" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் நிற்பது சடை. கடைசியில் நிற்பது விலையுயர்ந்த துணி. தோட்டைக் கழற்றச் சொன்ன அக்காவே சடை பின்னி, நல்ல காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டுதான் அதைச் சொல்கிறார், அவருக்கு அது உறுத்தவே இல்லை.

அந்த அக்காவைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பிரச்சினை என்னவென்றால், நான்கு பொருள் உள்ள பட்டியலில் ஒன்றை மட்டும் சட்டமாக்கி மூன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. பவுல் அப்படிப் பிரிக்கவில்லை. நம் ஊரில், நமக்கு முன்னால் இருந்த யாரோ பிரித்தார்கள். அந்தப் பிரிப்புதான் பாரம்பரியம்.

நான் சீர்திருத்தச் சபை மரபில் வளர்ந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1517-ல் ஜெர்மானியத் துறவி லூத்தர் கேள்வி எழுப்பியதும், 1521-ல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் பின்வாங்க மறுத்ததும், 1546-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் வேதாகமத்தையும் அப்போஸ்தலர் வழியாக வந்த மரபுகளையும் ஒரே மரியாதையோடு ஏற்கிறோம் என்று அறிவித்ததும் பழைய கதை. கத்தோலிக்க நண்பர்கள் மரபு என்று சொல்லும்போது மனுஷர் சொந்தமாகக் கட்டிவிட்டதை அவர்கள் சொல்வதில்லை. அப்போஸ்தலர் ஒப்புவித்ததைத்தான் சொல்கிறார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. எனக்குக் கவலை நம் பக்கத்தில்தான். "எங்களுக்கு வேதம் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே, எங்கே எழுதியிருக்கிறது என்று தெரியாத நூறு காரியங்களைச் செய்துகொண்டிருக்கிறோம். அடுத்த சபையின் மெழுகுவர்த்தி நம் கண்ணில் உடனே படுகிறது, நம்முடையது படுவதில்லை.

கீழே உள்ளது நான் பல வருடமாகச் செய்துபார்த்த முறை. ஒரு வழக்கத்துக்கு ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

தொடங்குமுன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வேதாகமம் இரண்டு. ஒன்று நாம் எல்லோரும் வைத்திருக்கும் பழைய திருப்புதல். இன்னொன்று வேறொரு மொழிபெயர்ப்பு, உதாரணமாக 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. எதுவானாலும் பரவாயில்லை, இரண்டு வேண்டும். அப்புறம் ஒத்துவாக்கிய அகராதி, அல்லது போனில் சொல் தேடும் வசதியுள்ள ஒரு வேதாகமச் செயலி. ஒரு நோட்டு, ஒரு பென்சில். விளக்கவுரை, பிரசங்க வீடியோ எல்லாம் பிறகு. முதல் நாளே அவற்றைத் திறந்தால் நீங்கள் படிப்பது வேதத்தை அல்ல, அவர்களுடைய முடிவைத்தான்.

தமிழில் இப்படி உட்கார்ந்து பார்க்க முடிகிறதே, அதுவே சும்மா வந்த வசதி இல்லை. தமிழில் முதல் அச்சுப் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வந்துவிட்டது, அது ஒரு சின்ன ஜெபப் புத்தகம். ஆனால் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சில் வர 1715 ஆயிற்று. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அதை மொழிபெயர்த்து 1711-ல் முடித்து, அச்சுக்கூடம் வரவழைத்து, 1714-ல் நற்செய்திகளையும் நடபடிகளையும், அடுத்த வருடம் மீதியையும் அச்சடித்தார். அதாவது நூற்று முப்பத்தேழு வருடம், அச்சிட்ட ஜெபம் தமிழில் இருந்தது, அந்த ஜெபம் எதிலிருந்து வந்தது என்று சரிபார்க்க அச்சிட்ட வேதம் இல்லை.

படி 1: ஒரே ஒரு வழக்கத்தை எடுங்கள், ஒரு வரியில் எழுதுங்கள்

"எங்கள் சபையில் எல்லாமே தப்பு" என்று ஆரம்பித்தால் எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள். ஒன்றை எடுங்கள். வழக்கத்தையும் அதற்குச் சொல்லப்படும் காரணத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். "டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம்." இது வழக்கம். "அந்த அட்டையில் வருவது இந்த வருடத்துக்குக் கர்த்தர் எனக்கென்று தந்த வார்த்தை." இது காரணம். முதல் வரியில் யாருக்கும் சண்டை வேண்டியதில்லை, ஒரு வசனம் அச்சடித்த அட்டையைக் கையில் வாங்குவதில் என்ன தப்பு? சோதிக்க வேண்டியது இரண்டாவது வரி. பாதி வாக்குவாதங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வருகின்றன.

படி 2: எழுதியிருக்கிறதா, எழுதியிருப்பதாக நினைக்கிறோமா?

கொஞ்சம் பயிற்சி வேண்டுமென்றால் மத்தேயு 2-ஆம் அதிகாரத்தை, இதுவரை படிக்காதவர் போலப் படியுங்கள். வந்தவர்கள் எத்தனை பேர்? எண் இல்லை. ராஜாக்களா? "கிழக்கிலிருந்து சாஸ்திரிகள்" என்றுதான் இருக்கிறது. எங்கே வந்தார்கள்? 11-ஆம் வசனம் "அந்த வீட்டுக்குள்" என்கிறது, தொழுவம் என்று சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதை வைத்து ஆள் மூன்று என்று கணக்குப் போட்டுவிட்டோம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஞாயிறு பள்ளி நாடகத்தில் மூன்று பையன்கள் ஜிகினா கிரீடத்தோடு தொழுவத்துக்கு வருவார்கள். நானும் ஒரு வருடம் வந்திருக்கிறேன்.

அப்புறம் அப்போஸ்தலர் 9-ஐப் படியுங்கள். சவுல் தரையில் விழுந்தான், சரி. படங்களில் அவன் விழுகிற அந்தக் குதிரை எங்கே?

இவற்றால் யாருடைய விசுவாசமும் கெடப்போவதில்லை, நாடகத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. நம் தலைக்குள் வேதமும் படமும் பாட்டும் பிரசங்கமும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியவேண்டும், அதற்குத்தான் இது.

படி 3: வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படியுங்கள்

இங்கே நிறைய நேரம் செலவிடுங்கள். அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் ஓர் அச்சுக்காரர் போட்டவை. எழுதினவர்கள் எண் போட்டு எழுதவில்லை. கடிதமாக, கதையாக, பாட்டாக எழுதினார்கள். ஆகவே ஒரு வசனத்தை யாராவது நீட்டினால், முன்னால் ஒரு அதிகாரம், பின்னால் ஒரு அதிகாரம் படிக்காமல் தலையாட்டாதீர்கள்.

வாக்குத்தத்த அட்டையிலேயே பார்ப்போம். எங்கள் வீட்டில் அம்மா ஒவ்வொரு வருட அட்டையையும் அரிசி டப்பா வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவார்கள். ஒரு வருடம் வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அந்த வருடம் எனக்கு வேலைக்கான நேர்முகத்தேர்வு ஒன்று இருந்தது. அம்மாவுக்கு அந்த அட்டை அதற்கான பதில். வேலை கிடைக்கவில்லை. அம்மா அட்டையைக் கழற்றவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை, ஆனால் அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. யார் பொய் சொன்னது?

அப்போதுதான் 28-ஆம் அதிகாரத்திலிருந்து படித்தேன். எருசலேமிலிருந்து ஒரு கூட்டம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயாயிற்று. அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பி, இன்னும் இரண்டே வருடத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் வைத்துச் சொல்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியா அதை மறுத்து, பாபிலோனில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம்தான் 29. அதில் "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்கிறார். உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். உங்கள் நடுவில் இருக்கும் தீர்க்கதரிசிகள் உங்களை ஏமாற்ற விடாதீர்கள் என்கிறார். பிறகு 10-ஆம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு உங்களைச் சந்திப்பேன்.

எழுபது வருஷம். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போகமாட்டார்கள் என்று அர்த்தம். அதன்பிறகுதான் நம் அட்டை வசனம், 11. சீக்கிரம் நடக்கும் என்று ஆசைகாட்டியவனுக்கு எதிராகச் சொன்ன வார்த்தையை எடுத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் நடக்கும் என்று அட்டையில் அடித்துக் கொடுக்கிறோம். வசனத்தில் பொய் இல்லை. நீளமான காத்திருப்புக்குள் இருப்பவனைக் கைவிடவில்லை என்று அது சொல்கிறது, எனக்கு அந்த வருடம் உண்மையில் தேவைப்பட்டதும் அதுதான். அட்டையை மட்டும் படித்ததால் அது என் கைக்கு வரவில்லை.

படி 4: சொல்லைச் சரிபாருங்கள், மொழிபெயர்ப்பு விளையாடும்

"பாரம்பரியம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 7:13-ல் "உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்" என்று இயேசு கடிந்துகொள்கிறார். அதைப் படிக்கும் நம்மில் பலருக்குப் பாரம்பரியம் என்றாலே கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. இப்போது 2 தெசலோனிக்கேயர் 2:15-க்குப் போங்கள். "வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது, நாங்கள் உங்களுக்கு உபதேசித்த முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள்." இங்கே "முறைமை" என்று இருக்கும் சொல்லும் மாற்குவில் "பாரம்பரியம்" என்று இருக்கும் சொல்லும் கிரேக்கத்தில் ஒன்றுதான், பாரடோசிஸ். கைமாற்றிக் கொடுக்கப்பட்டது என்று பொருள். 1 கொரிந்தியர் 11:2-ல் அதே சொல் "கட்டளைகள்" என்று வருகிறது, அங்கே பவுல் அதற்காகப் பாராட்டவே செய்கிறார்.

பழைய திருப்புதல்காரர்கள் சொன்னவர் யார் என்பதைப் பார்த்துச் சொல்லை மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. பரிசேயர் கைமாற்றினால் பாரம்பரியம், பவுல் கைமாற்றினால் முறைமை. தப்பான மொழிபெயர்ப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு, வேதம் பாரம்பரியத்தை எப்போதும் திட்டுகிறது என்று தோன்றிவிடும். அது உண்மை அல்ல. கேள்வி எப்போதும் யாரிடமிருந்து வந்தது, எதை மீறச் சொல்கிறது என்பதுதான். "பாரம்பரியம் ஒழிக" என்று மாற்கு 7-ஐக் காட்டுகிறவரிடம் இந்த இரண்டு இடங்களையும் காட்டுங்கள், கொஞ்சம் நிதானத்துக்கு வருவார்.

படி 5: யாருக்குச் சொன்னது?

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது, இதற்கு நல்ல பாடம். மல்கியா 3:10 எல்லா காணிக்கைக் கவரிலும் அச்சடித்திருக்கும். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படித் தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்." ஆகாரம், பண்டசாலை. தானியமும் எண்ணெயும் சேமிக்கும் கிடங்கு. நிலப்பங்கு இல்லாத லேவியர் சாப்பிடுவதற்காக. அது வராதபோது அவர்கள் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13-ல் பார்க்கலாம்.

இன்னும் பின்னால் போங்கள், உபாகமம் 14. அங்கே தசமபாகத்தைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய சந்நிதியில் கொடுத்தவனே குடும்பத்தோடு சாப்பிடச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருஷ முடிவில் எடுத்து ஊர்வாசலில் வைக்கவேண்டும், லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து "புசித்துத் திருப்தியடைவார்களாக" என்று. இந்த வசனத்தைக் காணிக்கைக் கவரில் அச்சடித்த சபையை நான் இன்னும் பார்க்கவில்லை.

புதிய ஏற்பாட்டில் சபைகளுக்கு எழுதும்போது பவுல் சதவீதம் சொல்வதில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" (2 கொரிந்தியர் 9:7). ஒருவர் மனதில் பத்தில் ஒன்று என்று நியமித்தால் மிக நல்லது, நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். ஆனால் வட்டிக்கு வாங்கியாவது கொடு, கொடுக்காவிட்டால் சாபம் என்று ஒரு விதவையிடம் சொல்கிறவர், விதவைக்குச் சேரவேண்டியதை விதவையிடமே வசூல் செய்கிறார். இது எனக்குக் கோபம் வரும் இடம், விட்டுவிடுகிறேன்.

படி 6: உங்களுக்குப் பிடிக்காத வசனத்தையும் எழுதுங்கள்

நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் உங்கள் கருத்துக்கு ஆதரவு, வலப்பக்கம் எதிர். தசமபாகம் இன்று சட்டம் இல்லை என்று நான் மேலே சாய்த்து எழுதினேன் அல்லவா, அப்படியானால் மத்தேயு 23:23-ஐ நான் மறைக்கக்கூடாது. ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று சொன்ன இயேசு, "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்று முடிக்கிறார். ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்னாலேயே மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தான் என்பதும் இருக்கிறது. இவற்றுக்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் முதலில் எழுதிவிட்டுத்தான் பதில் தேட வேண்டும். வலப்பக்கம் காலியாகவே இருந்தால் நீங்கள் இன்னும் தேடவில்லை.

படி 7: மூன்று குவியல்

இத்தனைக்கும் பிறகு, அந்த வழக்கம் மூன்றில் ஒன்றில் விழும்: வேதம் கட்டளையிட்டது, வேதம் சும்மா விட்டது, வேதத்துக்கு எதிரானது.

நம்மவர்கள் நடுக்குவியலை மறந்துவிடுகிறார்கள். எழுதியிருக்கவில்லை என்றால் தப்பு என்று குதிக்கிறார்கள். லூக்கா 4:16 பாருங்கள், இயேசு "தம்முடைய வழக்கத்தின்படியே" ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போகிறார். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஜெப ஆலயம் கட்டு என்று எங்கும் இல்லை. யோவான் 10:22-ல் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது எருசலேமில் உலாவுகிறார், அந்தப் பண்டிகையும் மோசே தந்த பட்டியலில் இல்லை. அவர் அதற்காக யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

ஆகவே ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது, பாயில் உட்காருவது, திருநெல்வேலிப் பக்கம் அண்டா அண்டாவாகச் சோறு வடித்துப் போடும் அசனம், சிலுவையோ புறாவோ பொறித்த தாலி, டிசம்பர் 25 என்ற தேதி எல்லாம் நடுக்குவியல். செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். ரோமர் 14 முழுவதும் இதற்காகவே எழுதியது போல் இருக்கும். தாலி கட்டினால்தான் கல்யாணம் என்பவரும் சரி, தாலி கட்டினவன் பின்மாற்றக்காரன் என்பவரும் சரி, இருவருமே நடுக்குவியலில் இருந்ததை வேறு குவியலுக்குத் தூக்கிப் போட்டவர்கள்தான். அசனத்தைப் பொறுத்தவரை, யார் என்ன சொன்னாலும் அந்தச் சாம்பாருக்காக நான் வாதாடத் தயார்.

"திரித்துவம்" என்ற சொல்லே வேதத்தில் இல்லையே என்று யாராவது மடக்குவார்கள். சொல் இல்லை, உண்மை. சொல் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அது சொல்லும் காரியம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வசன எண் எழுதிப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்கள் இவைதான் என்ற பட்டியல் எந்த அப்போஸ்தலரின் நிருபத்திலும் இல்லை. அதே 27-ஐ அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைக்கிற கடிதம் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு 367-ல் எழுதியது. முன்னோரிடமிருந்து எதையுமே வாங்கவில்லை என்று மார்தட்டுகிறவர் கையில் இருக்கும் புத்தகத்தையே அவர்கள்தான் பத்திரமாகக் கொடுத்தார்கள்.

படி 8: கொர்பான் சோதனை

ஒரு வழக்கம் எப்போது மூன்றாம் குவியலுக்குப் போகிறது? இயேசுவே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார், மாற்கு 7:11. வயதான தகப்பனுக்கோ தாய்க்கோ செய்யவேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது காணிக்கை என்று சொல்லிவிட்டால் அவனுடைய கடமை தீர்ந்தது என்று போதித்தார்கள். வெளியே பார்த்தால் பக்தி. உள்ளே பார்த்தால் அம்மாவுக்குச் சோறு இல்லை. இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வழக்கத்தைக் காப்பாற்ற, தெளிவாக எழுதியிருக்கும் ஒரு கட்டளையை நான் மீறுகிறேனா? இதைச் செய்யாத இன்னொரு விசுவாசியை நான் எப்படி நடத்துகிறேன்?

தேவனே சொல்லித் தொடங்கிய காரியத்துக்கும் இந்தச் சோதனை உண்டு. வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னது கர்த்தர் (எண்ணாகமம் 21). பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டு நிகுஸ்தான் என்று பேரிட்டான் (2 இராஜாக்கள் 18:4).

படி 9: இப்போது உங்கள் வீட்டு வழக்கம்

இதுவரை வந்தவர்கள் பலர் இந்தப் படியில் நின்றுவிடுவார்கள், நானும் நின்றிருக்கிறேன். தோடு, அட்டை, தாலி எல்லாம் பேசுவது சுலபம். தமிழ்ச் சபையில் மிகப் பழைய, மிகப் பலமான மனுஷ பாரம்பரியம் எது? சாதி.

தரங்கம்பாடி காலத்திலிருந்தே ஆலயத்துக்குள் தனித்தனி இடம் இருந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய எதிர்ப்பு, பலர் சபையை விட்டே போனார்கள். இன்றும் நாம் கண்ணீரோடு பாடும் பாடல்களை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி ஆசாரத்துக்கு ஆதரவாக எழுதினார். அது சமூக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அவர்கள் தரப்பு வாதம். இன்று கல்யாணப் பேச்சில் நாம் சொல்வதும் அச்சு அசலாக அதே வாதம்.

யாக்கோபு 2:3-ஐ பழைய திருப்புதலில் மெதுவாகப் படியுங்கள். மினுக்கான வஸ்திரம் உடுத்தினவனிடம்: "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்." தரித்திரனிடம்: "நீ அங்கே நில்லு." கிரேக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே "நீ"தான். தமிழில் எழுதினவர் ஒருவனுக்கு "ஐயா, நீர்" போட்டு, இன்னொருவனுக்கு "நீ", "நில்லு" போட்டார். நம் ஊரில் ஆள் பார்த்து வாய் எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வசனம் பணத்தைப் பற்றியது, சாதியைப் பற்றியது அல்ல என்று தப்பிக்கப் பார்க்கலாம். அப்படியானால் கலாத்தியர் 2-க்கு வாருங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். பவுல் அதைச் சமூகப் பழக்கம் என்று விடவில்லை. "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி" சரியாய் நடக்கவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே சொல்கிறார். பேதுருவே அப்படி வாங்கிக்கட்டிக்கொண்டார் என்றால், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் வைத்திருக்கும் ஊர்களும், "ஆவிக்குரிய குடும்பம், அதே பிரிவில் மணமகன் தேவை" என்று விளம்பரம் கொடுக்கும் வீடுகளும் எங்கே போய் நிற்கப் போகின்றன?

எங்கள் வீட்டிலும் அந்த விளம்பரம் எழுதப்பட்டது, என் அக்காவுக்காக. எழுதிக் கொடுத்தவன் நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. அப்போது பக்கத்து மேசையில் கிடந்த என் நோட்டில் தோட்டைப் பற்றி நாலு பக்கம் இருந்தது.

படி 10: கண்டுபிடித்ததை எப்படிச் சொல்வது

முதலில் ஒரு மாதம் சொல்லாமல் இருங்கள். உண்மையாகவே. பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்று சொல்வது, அவர்கள் சோதித்ததால் மட்டும் இல்லை. "மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டு" தினந்தோறும் ஆராய்ந்துபார்த்தார்கள். ஏற்றுக்கொள்ளும் ஆசை முன்னால் வருகிறது. சண்டைக்காகத் தேடுகிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பிறகு போதகரிடம் தனியாகப் போங்கள், ஆராதனை முடிந்து அவர் களைத்து நிற்கும் ஞாயிறு மத்தியானம் வேண்டாம், வார நாளில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். "ஐயா, நீங்கள் சொன்னது தப்பு" என்று தொடங்காதீர்கள். "ஐயா, உபாகமம் 14-உம் மல்கியா 3-உம் சேர்த்துப் படித்தேன், இந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை, நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நோட்டைக் கையில் கொடுங்கள், வலப்பக்கப் பத்தியோடு சேர்த்து. மூன்று மாதிரி பதில் வரலாம். நீங்கள் பார்க்காத ஒரு வசனத்தை அவர் காட்டுவார், அப்போது நன்றி சொல்லிவிட்டுத் திரும்பவும் படி 3. அல்லது, "நானும் இதை யோசித்திருக்கிறேன்" என்பார், நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி இது நடக்கும், அவர்களுக்கும் கமிட்டி இருக்கிறது, பயம் இருக்கிறது. அல்லது "அபிஷேகம்பண்ணப்பட்டவனைக் கேள்வி கேட்கக்கூடாது" என்பார். பவுல் சொன்னதையே பெரோயாக்காரர்கள் சரிபார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள் என்று அமைதியாக ஒருமுறை சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நடுக்குவியல் விஷயமென்றால் அதோடு விட்டுவிடலாம். மூன்றாம் குவியல் என்றால், உங்கள் வீட்டளவில் நீங்கள் செய்யவேண்டியதை அவர் அனுமதிக்காகக் காத்திராமல் செய்யுங்கள்.

வீட்டில் பெரியவர்களிடம் இன்னும் மெதுவாக. அம்மாவிடம் எரேமியா 29-ஐ நான் விளக்கவில்லை. ஒருநாள் இரவு குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து 14 வரைக்கும் சத்தமாகப் படித்தேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. எழுபது வருஷம் என்ற இடம் வந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "அதுக்கு முன்னாடி இப்படியா இருக்கு?" என்று கேட்டு, புத்தகத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் தானே படித்தார்கள். அட்டை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அக்காவின் விளம்பரத்தைப் பற்றி இன்னும் பேசவேண்டியிருக்கிறது, அதற்கு நான் கலாத்தியர் 2-லிருந்து தொடங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.